ஆள் உட்காராத இருக்கை

அத்தியாயம் 17

2014ஆம் ஆண்டு, மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை மணி. வீட்டின் பக்கவாட்டில் இருந்த வண்டிக் கொட்டகையின் இரட்டைக் கதவுகள் திறந்து கிடந்தன. உள்ளே வண்டி இல்லை. எண்ணெய்த் துளிகளை ஏந்துவதற்காக அப்பா வைத்திருந்த தகரத் தட்டு மட்டும் தரையின் நடுவே கிடந்தது.

பயணப் பையும் கையுமாக வந்த மூத்தவள், அந்தத் தட்டைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றாள்.

சென்ற வாரம் நடந்தவற்றை ஒழுங்காக நினைவுபடுத்திவிடலாம். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்ற அப்பா, இதே கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவைச் சிகிச்சை முடிந்தது. வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாக மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். கப்பலில் தலைமைச் சமையற்காரனாக இருக்கும் தம்பி விடுப்பில் வந்து அம்மாவுக்குத் துணையாக இருக்கிறான். விபத்தில் சிக்கிய வண்டிகளைச் சோதித்துக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிக்கை எழுதும் மூத்தவள், வேலைக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அழைப்பின்பேரில் பழைய வண்டிப் பிரியர்கள் சங்கத்தின் தலைவர் வந்து, அப்பாவின் பழைய காரை அங்குலம் அங்குலமாகப் பார்த்து உருகினார். மாதக் கடைசியில் நடக்கும் கண்காட்சியில், கைவைக்கப்படாத வண்டிகளின் வரிசையில் அதற்கே முதலிடம் என்று அடித்துச் சொன்னார். அவருக்குத் தேநீர் கொண்டுவந்த அம்மா, தட்டை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூத்தவள் அன்று மாலையே வேலைக்குத் திரும்பி, விடுப்புச் சொல்லிவிட்டு, இன்று காலைதான் வந்து இறங்கியிருக்கிறாள்.

அம்மா சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி எங்கம்மா?"

"வந்ததும் வராததுமா வண்டியா? உங்கப்பாவுக்குத் தப்பாமத்தான் பொறந்திருக்க. கை கால் கழுவிட்டு வா."

"வண்டி எங்க?"

"பெயிண்ட் அடிக்கப் போயிருக்கு."

மூத்தவளின் கையிலிருந்த பை தானாகக் கீழே இறங்கியது.

"யாரக் கேட்டு?"

"யாரக் கேக்கணும்?"

"அந்த டாக்சிப் பயதான?"

"அவன்தான் ஓட்டிட்டுப் போனான்."

கேட்ட கேள்விக்கு அது முழு விடை அன்று. ஆத்திரத்தில் இருந்த மூத்தவள் அதைக் கவனிக்கவில்லை.

டாக்சி என்பது தம்பியின் செல்லப் பெயர். அவன் மருத்துவமனை வாசலில், ஒரு வாடகை டாக்சிக்குள்ளேயே பிறந்துவிட்டான். அன்றைக்குப் பார்த்து அப்பாவின் வண்டியில் பேட்டரி இறங்கிவிட்டதாம். விருந்தாளி யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்பியதில்லை. எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

மூத்தவள் பெயிண்ட் பட்டறைக்கு நடந்தே போனாள். வாகனம் பிடித்துப் போக அவளுக்குப் பொறுமை இல்லை. டயர்க் கடையையும் கண்ணாடி அறுக்கும் கடையையும் தாண்டுகையில், வழியில் கிடந்த ஒரு டயரைக் காலால் எத்தினாள். கால்தான் வலித்தது.

புதுப்பித்த பழைய வண்டிகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். மின்னும்; முகம் பார்க்கலாம். கிட்டே போனால் நேற்றைய பெயிண்ட் வாடை அடிக்கும். எந்த வண்டிக்கும் அதைச் செய்துவிடலாம். அப்பாவின் வண்டி வேறு சாதி. 1969இல் தொழிற்சாலையில் யாரோ ஒருவர் பூச்சை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு போனதிலிருந்து, அதன்மேல் இன்னொரு பூச்சு விழுந்ததில்லை. சாம்பல் கலந்த பச்சை. கூரையில் அது வெளுத்துப் பாலாடை போலாகிவிட்டது. கதவுகளின் கீழ்ப்பகுதியில் இன்னும் ஆழமாக இருந்தது. எஞ்சின் மூடியைத் தூக்கினால், உட்புறத்தில் தொழிற்சாலைப் பரிசோதகர் மஞ்சள் சாக்குக்கட்டியால் போட்ட குறி அப்படியே இருக்கும். பிரேக் மிதியின் ரப்பர், அப்பாவின் செருப்பு எந்த மூலையில் தேயுமோ அதே மூலையில் தேய்ந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட அந்த ஓட்டுநர் கதவு. மாலை வேளைகளில் கண்ணாடியை இறக்கி, முழங்கையை விளிம்பில் சாய்த்துக்கொண்டு அப்பா தனியே ஒரு சுற்றுப் போய்வருவார். சாய்த்துச் சாய்த்து, அந்த இடத்தில் பச்சை கரைந்து, அடிப்பூச்சின் செங்கல் நிறம் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தெரியும். சங்கத் தலைவர் கும்பிடாத குறையாக நின்றது அதன் முன்னால்தான்.

பட்டறையை நெருங்கும்போதே தேய்ப்பு இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது.

வண்டியின் கண்ணாடிகளில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. தம்பி ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். ஓட்டுநர் கதவு முழுவதும், மேலிருந்து கீழ்வரை, வெறும் தகரமாகப் பளபளத்தது.

"நிறுத்துங்க!"

பெயிண்டர் இயந்திரத்தை அணைத்து, மூக்கில் கட்டியிருந்த துணியைக் கழுத்துக்கு இறக்கினார்.

"வாக்கா," என்றான் தம்பி. "டீ சொல்லட்டுமா?"

"யாருடா இத தொடச் சொன்னது?"

"எத?"

"கதவடா! இந்தக் கதவ!"

"நான்தான். எங்க ரொம்ப மோசமா இருக்கோ அங்க ஆரம்பிங்கன்னு சொன்னேன். அடுப்படியில நாங்க அப்படித்தான் பண்ணுவோம். கெட்டுப்போன பக்கத்த முதல்ல வெட்டி எறிஞ்சாத்தான் மிச்சத்துல நம்பிக் கை வெக்க முடியும்."

"கெட்டுப்போன பக்கமா?"

"ஆமாங்கம்மா," என்று பெயிண்டர் உற்சாகமாக உள்ளே புகுந்தார். "அந்த மேல் விளிம்புல பெயிண்டே இல்ல. சொறி பிடிச்ச மாதிரி இருந்துச்சு. இப்ப தடவிப் பாருங்க, குழந்த கன்னம் மாதிரி இருக்கும்."

மூத்தவள் தடவிப் பார்த்தாள். கன்னம் மாதிரிதான் இருந்தது. ஓங்கி ஓர் அறை விடத் தோன்றியது. யாருக்கு என்பதுதான் முடிவாகவில்லை.

"நாப்பத்தஞ்சு வருஷமா ஒரு மனுஷன் கைய வெச்சுத் தேச்ச இடம்டா இது. அத அரை மணி நேரத்துல வழிச்சுப் போட்டுட்டீங்க!"

"அரை மணியெல்லாம் ஆகலம்மா," என்று பெயிண்டர் நேர்மையாகத் திருத்தினார். "பத்து நிமிஷம்."

"அக்கா, இது வண்டி. நீ ஏன் பிணத்துக்கு முன்னாடி நிக்கற மாதிரி நிக்கற?"

"நீ வாயத் தொறக்காத. கப்பல்ல வெங்காயம் உரிக்கறவனுக்கு இதோட அரும தெரியுமா?"

"வெங்காயம் உரிக்க எனக்குக் கீழ ஆள் இருக்கு. நான் ருசி பாக்கறவன்."

"ருசியப் பாரு! அப்பாவுக்குத் தெரியுமா இது?"

"தெரியாது."

"தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"தெரிஞ்சா எழுந்து ஓடியா வரப் போறாரு?"

சொன்ன வேகத்திலேயே அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பெயிண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இல்லாத ஒரு பொருளை அலமாரியில் தேடினார்.

மூத்தவள் தோள்பையிலிருந்து பூச்சின் கனத்தை அளக்கும் கருவியை எடுத்து, வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு தகட்டிலும் வைத்துப் பார்த்தாள். கூரை, பின் கதவுகள், சக்கர வளைவுகள், எஞ்சின் மூடி எல்லாம் தொழிற்சாலைக் கணக்கிலேயே இருந்தன. போனது அந்த ஒரு கதவுதான். அவள் மூச்சுச் சற்று இறங்கியது. கோபம் இறங்கவில்லை.

"செய்தித்தாளையெல்லாம் பிரிங்க. வண்டிய எடுத்துட்டுப் போறேன்."

"அக்கா, கொஞ்சம் கேளு. நானா என் இஷ்டத்துக்குக் கொண்டுவரல. அம்மா சொன்னாங்க."

"அம்மா மேல பழியப் போடாத. இந்த வண்டியப் பத்தி அம்மா ஒரு வார்த்த பேசி நான் கேட்டதில்ல."

"அதான். பேசினதே இல்ல. ஞாயித்துக்கிழம அந்தத் தலைவர் போனதும் வந்து பேசினாங்க. 'நாளைக்கே கொண்டுபோய் அடிச்சுடுடா. எந்தக் கலரா இருந்தாலும் சரி, இந்தக் கலர் வேணாம்'னாங்க. ஏன் என்னன்னு நான் கேக்கல. நீ வேணும்னா போய்க் கேளு."

அவள் நம்பவில்லை.

"கதவ இப்படியே விட்டுடாதீங்கம்மா," என்றார் பெயிண்டர். "வெறும் தகரம். காத்துல இருக்கற ஈரம் போதும், துரு பிடிச்சுடும். ஒரு கோட்டாவது பூசணும்."

"நாளைக்குச் சொல்றேன். யாரும் கை வெக்க வேணாம்."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு, எண்ணெய்த் துணியால் கதவை ஒருமுறை துடைத்து அனுப்பினார்.

மூத்தவள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தாள். தம்பி பின் கதவைத் திறந்து ஏறினான். இருக்கைகளின் மேல் அப்பா மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறையும், அதன்மேல் விரித்திருந்த வெள்ளைத் துணியும் ஒன்றோடொன்று உரசின.

"முன்னாடி வாடா. நான் என்ன உனக்கு டிரைவரா?"

"இந்த வண்டியில முன்னாடி யாரு உட்கார்ந்திருக்கா? எனக்குப் பழக்கம் இல்ல."

அவள் கண்ணாடியில் பார்த்தாள். நாற்பதை நெருங்கும் ஆண்பிள்ளை, செருப்பைக் கழற்றி மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தான். கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

"என்ன பாக்கற? செருப்போட ஏறினா இந்த வண்டியில என்ன நடக்கும்னு மறந்துபோச்சா? உனக்கென்ன, நீ அவரோட மேனேஜர். கையில துணியோட பொறந்தவ."

"தொடச்சேன்டா. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம தொடச்சேன். அதனாலதான் இன்னிக்கு நாலு பேர் வந்து பாக்கறாங்க."

"பாக்கட்டும். நல்லா பாக்கட்டும்."

மூத்தவள் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

அம்மா கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தாள். வண்டி நின்றதும், வெறும் தகரமாக இருந்த கதவை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒரு கதவு மட்டும்தானா? மிச்சம் எப்போ?"

"மிச்சம் இல்ல. நான் நிறுத்திட்டேன்."

"நீ யாருடீ நிறுத்தறதுக்கு?"

அம்மா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் மூத்தவளுக்குப் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும்.

"அப்போ இவன் சொன்னது நெஜம்தானா? நீதான் அனுப்பினியா? ஏம்மா? அப்பா ஆஸ்பத்திரியில படுத்திருக்கறப்ப, அவருக்குத் தெரியாம, அவர் உசிரா வெச்சிருக்கறத…"

"உசிரா வெச்சிருந்தாரு. அதத்தான் நானும் சொல்றேன்." அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழம அந்தத் தலைவர் இந்த முன் சீட்டப் பாத்து என்ன சொன்னாரு? சொல்லு."

"இப்படி ஒரு சீட்டப் பாத்ததே இல்ல, ஆள் உட்கார்ந்த சுவடே இல்லன்னாரு. பாராட்டினாரும்மா."

"ஆமா, பாராட்டினாரு. நான் டீத் தட்டோட பக்கத்துல நிக்கறேன். இந்த வண்டியும் நானும் நாப்பத்தஞ்சு வருஷமா ஒரே வீட்டுல இருக்கோம். பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்தாளே, அவ எங்க உட்கார்ந்தான்னு அவருக்குத் தோணல. போகட்டும், அவர் வெளி ஆளு. உனக்குத் தோணிச்சா?"

மூத்தவள் அந்த இருக்கையை எட்டிப் பார்த்தாள்.

"ஊரான் வண்டியெல்லாம் பாத்து, ஓட்டினது யாரு, பக்கத்துல இருந்தது யாரு, பெல்ட் போட்டானா இல்லையான்னு புட்டுப் புட்டு வெக்கறியாமே. கதவத் தொற. இதப் பாத்துச் சொல்லு."

"அம்மா…"

"தொறடீ."

அவள் ஓட்டுநருக்குப் பக்கத்து முன் இருக்கையின் கதவைத் திறந்தாள். தன் தொழிலின் பழக்கம் அவளை மீறி வேலை செய்யத் தொடங்கியது. கீல் இறுக்கமாக இருந்தது. அதிகம் திறந்து மூடிய கதவின் கீல் இப்படி இராது. கண்ணாடியை இறக்கும் கைப்பிடியின் வரிகள் கூர்மை குறையாமல் விரலை உறுத்தின. பிளாஸ்டிக் உறைக்கு உள்ளே இருக்கையின் தையல் ஒன்றுகூட நெகிழவில்லை. கால் வைக்கும் இடத்தில் கம்பளத்தின் மயிர், நெய்த அன்றைக்கு நின்றதுபோலவே நிமிர்ந்து நின்றது. அந்தப் பக்கம் ஓட்டுநரின் கம்பளமோ நூல் தெரியத் தேய்ந்து கிடந்தது. வேறொரு வண்டியாக இருந்தால் அவள் இதை ஒரே வரியில் எழுதியிருப்பாள்: ஒருவர் மட்டுமே பயன்படுத்திய வாகனம், உடன் பயணித்தவர் எவருமில்லை.

இத்தனை ஆண்டுகளாக அவள் இந்த இருக்கையைத் துடைத்திருக்கிறாள். படித்ததில்லை.

"கல்யாணம் காட்சிக்கெல்லாம் போனோமேம்மா…" என்றாள். அவள் குரல் அவளுக்கே ஒப்பவில்லை.

"போனோம். நான் பின்னாடி. விரிப்புக்கு மேல. வளையல் கீறிடும்னு கைய மடியில வெச்சுக்கிட்டு. கடைப் பெட்டி இருந்தா அதக்கூட முன் சீட்டுல வெக்க மாட்டாரு. அதுவும் என் மடிக்குத்தான் வரும்."

"சரி, அவர் அப்படித்தான். கைரேக பட்டாலே தாங்க மாட்டாரு. கண்ணாடிக் கடைக்காரர். அதுக்காக வண்டி என்ன பண்ணும்?"

"அம்மா, போதும், விடு," என்றான் தம்பி.

"நீ சும்மா இருடா." அம்மா மூத்தவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இவன் பொறந்த அன்னிக்கு பேட்டரி இறங்கல."

அம்மா கொட்டகை வாசலைக் கையால் காட்டினாள்.

"எனக்கு வலி எடுத்து, தண்ணி உடைஞ்சு, இதோ இந்த வாசல்ல நிக்கறேன். வண்டி இங்கதான் நிக்குது. சாவி அவர் கையில. என்னப் பாத்தாரு. வண்டியப் பாத்தாரு. 'டாக்சி சொல்றேன், இதோ வந்துடும்'னு போனைத் தேடிட்டுப் போனாரு. அது எப்போ வந்துச்சோ. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போறதுக்குள்ள இவன் வந்துட்டான். அந்த டிரைவர் தன் சட்டையக் கழட்டிக் குடுத்தான், குழந்தயச் சுத்த. பேரு தெரியாத மனுஷன். அவன் சீட்டும் சீட்டுதானடீ?"

"நான்… என்னப் பக்கத்து வீட்டுல விட்டதாத்தான்…"

"நீ இங்கதான் இருந்த. கையில துணியோட பம்பர் தொடச்சிட்டு இருந்த. அம்மாவ ஏன் நம்ம வண்டியில கூட்டிட்டுப் போகலன்னு நீ கேட்ட. அப்போ உனக்குச் சொன்ன பதில்தான் பேட்டரி. ஏழு வயசுக் குழந்த, நம்பிட்ட. தெரு முழுக்கப் போய்ச் சொன்ன. குழந்த சொன்னதுன்னு எல்லாரும் நம்பிட்டாங்க."

"ஏன் இத்தன நாளும் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா? துணியக் கீழ வெச்சிருப்பியா?"

மூத்தவள் பாய்வதற்கு ஆள் தேடி, தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமாடா?"

"தெரியும். முதல் தடவ கப்பலுக்குக் கிளம்பறப்ப சொன்னாங்க."

"தெரிஞ்சுமா டாக்சின்னு கூப்பிட்டா இளிச்சுக்கிட்டு வந்து நின்ன?"

"எல்லாரும் சிரிக்கறப்ப நான் மட்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கணுமா?" அவன் செருப்பைத் தரையில் எறிந்து காலில் மாட்டினான். "ஆனா இனிமே கூப்பிடாத. நீயும் கூப்பிடாத. அவரும் கூப்பிட வேணாம்."

கோபம் அவளைக் கைவிடவில்லை. போக இடம் தெரியாமல் உள்ளேயே சுற்றியது. பழகிய வழியில் அது மீண்டும் வண்டியிடமே வந்து நின்றது.

"அம்மா, ஒண்ணு சொல்றேன், கேளு. பெயிண்ட் அடிச்சு, புது சீட் போட்டா, எல்லாமே ஒரே மாதிரி ஆயிடும். தேஞ்ச சீட்டும் புதுசு, தேயாத சீட்டும் புதுசு. நீ இங்க உட்காரலங்கறதுக்கு இந்த வண்டிதான் சாட்சி. அதையும் வழிச்சுட்டா, நடந்தது எதுவும் நடக்கவே இல்லன்னு ஆயிடும். உனக்கு அதுவா வேணும்?"

"எனக்கு எதுக்குடீ சாட்சி? நான்தான் உயிரோட இருக்கேனே. என்னக் கேட்டா சொல்ல மாட்டேனா? யாரு கேட்டீங்க?"

அப்போது மூத்தவளின் கைபேசி ஒலித்தது. அப்பா. அம்மா கையை நீட்டி ஒலிபெருக்கிப் பொத்தானைத் தானே அழுத்தினாள்.

"வந்துட்டியாம்மா?" என்றது அப்பாவின் குரல். சற்றுத் தளர்ந்திருந்தாலும் தெளிவாகவே இருந்தது. "வண்டிய இன்னிக்கு ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"பண்ணோம்பா."

"நல்லது. இங்க வியாழக்கிழம காலையில அனுப்பறாங்க. ஒரு டாக்சி சொல்லிடு. நம்ம வண்டிய எடுத்துட்டு வந்துடாதீங்க. கட்டுல ஏதோ மஞ்சளா மருந்து போட்டிருக்காங்க. சீட்டுல பட்டா போகாது."

அம்மா சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

"யாரது சிரிக்கறது? உங்கம்மாவா? என்னவாம்?"

'சரிப்பா' என்ற சொல் மூத்தவளின் நுனிநாக்குவரை வந்தது. இத்தனை வயதுவரை அப்பாவிடம் அவள் அதிகமாகச் சொன்ன சொல் அதுவே. இன்று அது வெளியே வர மறுத்தது.

"அப்புறம் பேசறேன்பா," என்று இணைப்பைத் துண்டித்தாள்.

ஆயினும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? "பாரும்மா," என்றாள், பாதி மனத்தோடு. "அவர் உடம்புக்கும் அவர் அதே சட்டம்தான் வெச்சிருக்காரு."

"அவர் உடம்ப அவர் எந்த வண்டியில வேணும்னாலும் ஏத்திக்கட்டும். என் உடம்புக்கு அவர் ஏன் முடிவு பண்ணினாரு?"

இந்தக் கேள்விதான் மூத்தவளின் கோபத்துக்குக் கடைசியாக ஒரு முகவரி கொடுத்தது. அந்த முகவரி மருத்துவமனையில் இருந்தது.

அவள் உள்ளே போய்க் கத்தரிக்கோலுடன் வந்தாள். முன் இருக்கையின் மேல் குனிந்து, விரிப்பை உருவி எறிந்து, பிளாஸ்டிக் உறையின் ஓரத்தைக் கிழித்தாள். நாட்பட்ட பிளாஸ்டிக் காய்ந்த சருகுபோல் நொறுங்கிக் கம்பளத்தின் மேல் கொட்டியது.

"பொறு, பொறு, முனை சீட்டுல படப் போகுது," என்றான் தம்பி. இத்தனைக்கும் அவன்தான் இந்த வண்டியைப் பெயிண்ட் பட்டறையில் விட்டவன்.

"பட்டா படட்டும்," என்றார்கள் அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில்.

அம்மா ஏறி உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. கதவை அவள் இழுத்துச் சாத்திய வேகத்தில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. சிறிது நேரம் முன்கண்ணாடி வழியாக எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் மகிழ்ச்சி எதுவும் தென்படவில்லை. வாடகை பேசி வந்த வீட்டைப் பார்ப்பவள்போல் இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

"இங்க உட்கார்ந்தா வெளியில என்ன கலருன்னே தெரியல," என்றாள் கடைசியில். "பெயிண்ட் எக்கேடு கெட்டும் போகட்டும். அது இருந்தா எனக்கென்ன, போனா எனக்கென்ன."

பகல் சாப்பாட்டுக்கு முன்பே எல்லாம் முடிவாயின. வண்டியில் வேறு எந்த இடத்திலும் கைவைப்பதில்லை. துரு ஏறாமலிருக்க ஓட்டுநர் கதவுக்கு மட்டும் பூச்சுப் பூசப்படும். வெளுத்த பச்சையோடு புதுப் பச்சை பொருந்தாது, கதவு தனியாகத் தெரியும் என்று பெயிண்டர் தொலைபேசியில் எச்சரித்தார்; தெரியட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். மாதக் கடைசிக் கண்காட்சிக்கு வண்டி போகாது. அதைச் சங்கத் தலைவருக்கு மூத்தவள் அப்போதே பேசித் தெரிவித்தாள். அவர் காரணம் கேட்டார், அவள் சொல்லவில்லை. வியாழக்கிழமை டாக்சி கிடையாது. தம்பி இந்த வண்டியை ஓட்டுவான், அம்மா அவன் பக்கத்தில் உட்காருவாள், அப்பா பின் இருக்கையில் காலை நீட்டிக்கொண்டு வருவார். அவர் ஏற மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று தம்பி கேட்டான். வற்புறுத்துவதில்லை, மூவரும் அவரை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிவிடுவது என்று அம்மா தீர்த்துச் சொன்னாள். கதவின் கதியையும் இந்த ஏற்பாட்டையும் அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லும் பொறுப்பு மூத்தவளுக்கு. தொலைபேசியில் சொல்லிவிடுவதாக அவள் கேட்டுப் பார்த்தாள். அம்மா சம்மதிக்கவில்லை. ஆகவே நாளை காலை, பார்வையாளர் நேரம் தொடங்கியதும், அவள் தனியாகப் போய், அப்பாவின் கட்டிலருகே நின்று, நேரில் சொல்ல வேண்டும்.